மூளையைப் படம் எடுத்தால் மறதி நோய் தெரியுமா?

"அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கறார். வயசானா இப்படித்தானே டாக்டர்?"

"அம்மா கேஸைப் பத்தவச்சுட்டு அப்படியே மறந்துடறாங்க. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?"

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளில் ஒன்று எப்போதாவது எழாமல் இருப்பதில்லை. முதல் கேள்வி கேட்பவர்கள் ஒன்றும் செய்யாமல் இரண்டு மூன்று வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். இரண்டாவது கேள்வி கேட்பவர்கள் டாக்டரிடம் போகாமலே நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய், ரிப்போர்ட்டில் 'மூளைச் சுருக்கம்' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துவிட்டு வீடு முழுக்க அழுகிறார்கள். இரண்டுமே தப்பு.

அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இதில் அதிகம் பேரைப் பிடிப்பது அல்சைமர் நோய். இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க மூளைப் படம் எவ்வளவு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம்.

எது சாதாரண மறதி? எது கவனிக்க வேண்டிய மறதி?

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எதுக்கு?' என்று விழிப்பது நோயின் அறிகுறி.

கல்யாண வீட்டில் பார்த்த ஒருவர் பெயர் சட்டென்று வராமல், ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்தால் கவலை வேண்டாம். அந்தக் கல்யாணத்துக்குப் போனதே ஞாபகம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

இன்னும் சில: நாற்பது வருஷமாக வைத்த சாம்பாரில் திடீரென்று வரிசை தப்புவது, பழகின தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பேங்க் செக்கில் கையெழுத்துப் போடத் தடுமாறுவது, 'வேலைக்காரி பணத்தை எடுத்துட்டா' என்று ஆதாரமில்லாமல் சந்தேகப்படுவது, கலகலப்பாக இருந்தவர் மூலையில் முடங்குவது.

இவை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, மெல்ல மெல்ல அதிகமானால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். வயது இதற்குக் காரணமாகாது. தொண்ணூறு வயதில் பேரன் பேத்தி பிறந்தநாளை வரிசையாகச் சொல்லும் தாத்தாக்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், பாருங்கள்.

நூறு வருடக் காத்திருப்பு

1901-ம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் அவுகுஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். அவரைக் கவனித்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1906-ல் அந்த அம்மாள் இறந்த பிறகு மூளையை வாங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கினாற்போல முடிச்சுகள் இருந்தன.

அந்தத் திட்டுகள் அமிலாய்ட் என்ற புரதம், அந்த முடிச்சுகள் டௌ என்ற புரதம் என்று பின்னாளில் தெரிந்தது. 1910-ல் வெளிவந்த மனநோய்ப் பாடப்புத்தகம் ஒன்றில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரே வைக்கப்பட்டது.

ஆனால் ஒரு சங்கடம். இந்தத் திட்டையும் முடிச்சையும் நேரில் பார்க்க ஆள் இறந்த பிறகுதான் முடியும்! உயிரோடு இருக்கும்போது டாக்டர் சொல்வதெல்லாம் 'அல்சைமராக இருக்கலாம்' என்ற அனுமானம்தான். கிட்டத்தட்ட நூறு வருடம் உலகம் முழுவதும் இதே நிலைமை.

இன்னொரு விஷயம். அமிலாய்ட் படிவது மறதி தொடங்குவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. எழுபது வயதில் தெரியும் மறதிக்கு ஐம்பதிலேயே அஸ்திவாரம் போட்டாயிற்று என்று அர்த்தம். அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்க்க ஒரு வழி வேண்டும் என்று விஞ்ஞானிகள் தவித்தார்கள்.

சி.டி. ஸ்கேன்: வேறு நோய் இருந்தால் காட்டிக்கொடுக்கும்

1971 அக்டோபரில் லண்டனில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்த எஞ்சினீயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரே கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி, மூளையைத் துண்டு துண்டாக நறுக்கினாற்போலக் காட்டும் படம் இது. சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

சி.டி.யில் அமிலாய்ட் தெரியாது. டௌ தெரியாது. அப்புறம் எதற்கு எடுக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். மறதிக்காக எடுக்கும் முதல் ஸ்கேன் அல்சைமரைக் கண்டுபிடிக்க அல்ல. அல்சைமர் மாதிரியே வேஷம் போடும், ஆனால் சரிசெய்யக்கூடிய நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான்.

அவை என்னென்ன?

1. தலைக்குள் ரத்தக் கட்டு: பெரியவர் பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொள்கிறார். வலி போய்விடுகிறது, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சில வாரம் கழித்துக் குழப்பம், தூக்கக் கலக்கம், மறதி என்று வெளிப்படும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். சி.டி.யில் பளிச்சென்று தெரியும். ஆபரேஷன் செய்து கட்டை வெளியேற்றினால் பலர் பழையபடி ஆகிவிடுவார்கள்.

2. மூளை அறைகளில் நீர் சேர்வது: காலைத் தரையில் பசை போட்டு ஒட்டினாற்போல நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். 1965-ல் கொலம்பியா நாட்டு டாக்டர் சாலமோன் ஹக்கீம் இதை விவரித்தார். ஒரு சின்னக் குழாய் வைத்து நீரை வடித்துவிட்டால், முக்கியமாக நடை, நன்றாகத் தேறும். மறதியும் ஓரளவு குறையலாம்.

3. மூளைக் கட்டி.

4. சின்னச் சின்னப் பக்கவாதங்கள்: வெளியே தெரியாமலே பல வந்து போயிருக்கும். பி.பி., சர்க்கரையை அடக்கினால் மேற்கொண்டு வராமல் தடுக்கலாம்.

யோசித்துப் பாருங்கள்... 'வயசாச்சு' என்று விட்டுவிட்ட ஒரு பெரியவருக்கு இதில் ஒன்று இருந்திருந்தால்? அதற்காகத்தான் மறதிக்கு ஒரு முறையாவது மூளைப் படம் வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துகிறார்கள்.

எம்.ஆர்.ஐ.: 'கடல்குதிரை' சுருங்கிவிட்டதா?

சி.டி.யைவிட மூளையின் மெல்லிய பாகங்களைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கிடையாது. பலமான காந்தமும் ரேடியோ அலையும்தான்.

நம் இரண்டு பொட்டுக்கும் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. பார்க்கக் கடல்குதிரை போல இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். இன்று நடந்ததை நாளைக்கு ஞாபகம் வைப்பதற்கு இதுதான் வாசல். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் நோயாளிக்குச் சின்ன வயதுக் கதை அத்தனையும் ஞாபகம் இருக்கும், காலையில் இட்லி சாப்பிட்டது மட்டும் மறந்துபோகும்.

வயதானால் எல்லோருக்கும் இந்த உறுப்பு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவிகிதம் சுருங்கும். அல்சைமர் வந்தவர்களுக்கு இது மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் நடக்கும். படத்தைப் பார்த்து 0 முதல் 4 வரை மார்க் போடும் ஒரு முறையை நெதர்லாந்து டாக்டர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். 0 என்றால் சுருக்கம் இல்லை. 4 என்றால் மிக அதிகம். ரிப்போர்ட் எழுதுபவர் இதைக் குறிப்பிட்டால் உங்கள் நரம்பியல் டாக்டருக்கு மிகவும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முகத்தில் சுருக்கம் விழுகிற மாதிரிதான் அது. அதேபோல ஆரம்ப கட்டத்தில் எம்.ஆர்.ஐ. நார்மலாக வந்தாலும் 'நோயே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும் முன்:

• இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் ஏதாவது உலோகத் துண்டு, கிளிப் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

• நகை, வாட்ச், காது மிஷின், கழற்றக்கூடிய பல்செட் எல்லாம் எடுத்துவிட வேண்டும். தாலியைக் கழற்ற வயதான அம்மாக்கள் தயங்குவார்கள். முதல்நாளே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போனால் கடைசி நேரத்தில் மனவருத்தம் இருக்காது.

• மெஷின் 'டக் டக்' என்று பலமாகச் சத்தம் போடும். குழாய் போன்ற இடத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். மறதி உள்ளவர்கள் மிரண்டுவிடுவார்கள். முன்கூட்டி விளக்குங்கள். 'எம்.ஆர்.ஐ. முடியாது' என்றால் சி.டி. எடுத்தாலும் முதல் கட்டத்துக்குப் போதும்.

நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இந்த இரண்டு ஸ்கேனும் எடுக்கிறார்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெட் ஸ்கேன்: மூளை சர்க்கரையைச் செலவழிக்கிறதா?

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வீட்டின் சுவரைக் காட்டுகின்றன. எந்த அறையில் விளக்கு எரிகிறது, எதில் எரியவில்லை என்று காட்டுவது பெட் ஸ்கேன்.

மூளையின் எரிபொருள் குளுகோஸ். அதே போன்ற ஒரு பொருளில் கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்து ஊசி போடுவார்கள். வேலை செய்யும் பகுதிகள் அதை இழுத்துக்கொண்டு படத்தில் பிரகாசமாகத் தெரியும். அல்சைமரில் மூளையின் பக்கவாட்டுப் பகுதியும் உச்சந்தலைக்குப் பின்புறப் பகுதியும் மங்கிப்போகும். குணமே மாறி, வெட்கம் விட்டுப் பேசுவது, காரணமில்லாமல் கோபப்படுவது என்று ஐம்பது அறுபது வயதிலேயே தொடங்கும் இன்னொரு வகை டிமென்ஷியாவில் முன்பக்கம் மங்கும். டாக்டருக்கு 'இதுவா, அதுவா?' என்று சந்தேகம் வரும்போது இந்தப் படம் கைகொடுக்கும். ஊசிக்கு முன் சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மருந்து எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமிலாய்டையே காட்டும் படம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மத்திஸ் என்ற இருவர் வருடக்கணக்காக ஒரே வேலையில் இருந்தார்கள். ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குள் போய், அமிலாய்ட் திட்டில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும். கடைசியில் கிடைத்தது. 2002-ல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரத்தில் முதல்முறையாக ஒரு நோயாளிக்கு அதைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அல்சைமர் 1906-ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்த திட்டு, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் நிறம் காட்டியது! 16 நோயாளிகளையும் நோயில்லாத 9 பேரையும் ஒப்பிட்ட முடிவுகள் 2004-ல் வெளியாயின.

அந்த முதல் மருந்தின் கதிரியக்கம் 20 நிமிஷத்தில் பாதியாகிவிடும். தயாரித்த இடத்திலேயே ஓட்டமாக ஓடி ஊசி போட வேண்டும். பிறகு பாதியாக 110 நிமிஷம் எடுக்கும் வகைகள் வந்தன. அதில் ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2012-ல் அனுமதி தந்தது. டௌ முடிச்சைக் காட்டும் மருந்துக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் இவை சில பெரிய மையங்களில்தான். செலவும் அதிகம். எல்லோருக்கும் தேவையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

படம் வேறு, மனுஷர் வேறு

அமெரிக்காவில் 1986-ல் டேவிட் ஸ்னோடன் என்பவர் ஓர் ஆய்வு தொடங்கினார். 678 கன்னிகாஸ்திரீகள் வருடா வருடம் ஞாபகப் பரிட்சை எழுதினார்கள். இறந்தபின் மூளையைத் தானம் செய்யவும் சம்மதித்தார்கள். அதில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயது வரை இருந்தார். பரிட்சையில் கடைசி வரை நல்ல மார்க். இறந்த பின் மூளையைப் பார்த்தால் திட்டுகளும் முடிச்சுகளும் ஏராளம்! மூளையில் நோய் இருந்தது, மனுஷியிடம் இல்லை.

இன்னொன்று, கொலம்பியா நாட்டில். அங்கே ஆன்டியோக்கியா பகுதியில் ஒரு பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் 44 வயது வாக்கிலேயே மறதி ஆரம்பித்துவிடும். அதே கோளாறு உள்ள ஒரு பெண்மணிக்கு மட்டும் எழுபது தாண்டித்தான் மறதி எட்டிப்பார்த்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தார்கள். அமிலாய்ட் மிக மிக அதிகம். ஆனால் டௌ கொஞ்சம்தான். வேறொரு அபூர்வ ஜீன் அவரைக் காப்பாற்றியிருந்தது. 2019-ல் இந்த விவரம் வெளியாயிற்று.

இது ஏதோ ஒன்றிரண்டு பேர் கதை என்று நினைக்காதீர்கள். எழுபது வயதில் ஞாபகசக்தி நன்றாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் படத்தில் அமிலாய்ட் தெரிகிறது. இவர்களில் பலருக்கு நோய் வராமலே ஆயுள் முடிந்துவிடும். அதனால்தான் மறதியே இல்லாதவர்கள் 'சும்மா ஒரு செக்கப்' என்று இந்தப் படம் எடுக்கக் கூடாது. வராத நோய்க்கு வருஷக்கணக்கில் பயந்து சாவதைத் தவிர அதில் பிரயோஜனம் இல்லை.

எங்கள் சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். நாடியை மட்டும் பிடித்துவிட்டு மருந்து எழுதுவது நல்ல வைத்தியம் அல்ல. ஸ்கேனும் அப்படியே. அது ஒரு தேர்வுதான். மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஸ்கேனுக்கு முன் செய்ய வேண்டியவை

• நோட்டுப் புத்தகம்: எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாறியது என்று தேதி போட்டு எழுதுங்கள். பெரியவரோடு கூடவே இருப்பவர்தான் டாக்டரிடம் போக வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளை சொல்வதைவிட வீட்டில் இருக்கும் மருமகள் சொல்வது பயன்படும்.

• ஞாபகப் பரிட்சை: தேதி கேட்பது, மூன்று வார்த்தை சொல்லிச் சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்பது, கடிகாரம் வரையச் சொல்வது. ஸ்கேனைவிட இது பல சமயம் அதிகம் சொல்லும்.

• ரத்தப் பரிசோதனை: தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, சோடியம், சிறுநீரகம். பால் தவிர வேறு அசைவச் சத்து சேராத வீடுகளிலும், வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடமும் பி12 குறைவு சகஜம். ஊசியோ மாத்திரையோ போட்டால் தேறலாம்.

• மாத்திரைப் பை: தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடங்க மாத்திரை போன்றவை சில பெரியவர்களைக் குழப்பிவிடும். எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த, ஆயுர்வேத, ஹோமியோ மருந்தையும் சேர்த்துத்தான்!

• மனச்சோர்வு, காது மந்தம்: துணையை இழந்த துக்கத்தில் எதிலும் மனசு ஒட்டாமல் போனால் மறதி மாதிரியே தெரியும். காது கேட்காதவருக்குச் சொன்னது பதியவே பதியாது, அப்புறம் எப்படி ஞாபகம் வரும்?

முன்கூட்டித் தெரிந்து என்ன லாபம்?

"குணமே ஆகாத நோய். தெரிஞ்சு என்ன பண்றது டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் தெளிவு தரும். நோயை நிறுத்தாது. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் என்ற மருந்து அமிலாய்டைக் கரைக்கிறது. ஆனால் 18 மாத ஆய்வில் நோயின் வேகம் 27 சதவிகிதம் குறைந்ததே தவிர, போன ஞாபகம் திரும்பவில்லை. ஆரம்ப கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அமிலாய்ட் இருப்பதைப் பெட் ஸ்கேன் அல்லது முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையில் நிரூபிக்க வேண்டும். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் நடுநடுவே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை வருஷத்துக்கு 26,500 டாலர்! சாதாரணக் குடும்பம் இதற்காக வீட்டை விற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரையே கேட்டு முடிவெடுக்கலாம். பேங்க் கணக்கு, நாமினேஷன், உயில், யாரோடு இருக்க விரும்புகிறார், கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் எல்லாம். மூன்று வருஷம் கழித்து அவரைக் கேட்க முடியாது. பிள்ளைகள் கோர்ட் வாசலில் நிற்பார்கள்.

அடுத்தது வீட்டில் நிம்மதி. 'வேணும்னே பண்றாங்க' என்று மாமியார்மீது இருந்த கோபம், 'நோய்' என்று தெரிந்ததும் பாதியாகிவிடும். கேஸை மூடி வைப்பது, சட்டைப்பையில் விலாசம் எழுதி வைப்பது, ஸ்கூட்டர் சாவியை எடுத்துவைப்பது போன்ற ஏற்பாடுகளை விபத்துக்கு முன்பே செய்யலாம்.

வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?

சித்த மருத்துவன் என்பதால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வல்லாரையும் நீர்ப்பிரமியும் புத்திக்கு நல்ல மூலிகைகள் என்று எங்கள் வழியில் போற்றப்படுகின்றன. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அல்சைமரை எந்த மூலிகையோ லேகியமோ குணப்படுத்தும் என்று இதுவரை நிரூபணம் கிடையாது. 'நாற்பது நாளில் மறதி போயே போச்சு' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மறதி என்று என்னிடம் வருபவர்களை நான் முதலில் அனுப்புவது நரம்பியல் டாக்டரிடம்தான். மூளைக்குள் ரத்தக் கட்டு இருப்பவருக்கு வல்லாரை கொடுத்துக்கொண்டிருந்தால் அது வைத்தியமா? பரிசோதனை முடிந்தபின், தூக்கம், மலச்சிக்கல், பசியின்மை, மூட்டுவலி போன்றவற்றுக்கு எங்கள் மருந்துகளை அந்த டாக்டருக்கும் தெரிவித்துவிட்டுத் துணையாகத் தரலாம். பற்பம், செந்தூரம் எதையும் கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

சில சந்தேகங்கள்

ஸ்கேன் கதிரால் ஆபத்து உண்டா?
எம்.ஆர்.ஐ.யில் அப்படிப்பட்ட கதிர் கிடையாது. மூளை சி.டி.யில் படும் கதிர், சில மாதங்களில் மண், காற்று மூலம் இயற்கையாகவே நம்மீது படும் அளவுதான். தேவைக்கு ஒரு முறை எடுப்பதால் பெரியவர்களுக்குப் பயமில்லை.

அப்பாவுக்கு அல்சைமர். எனக்கு 45 வயது. நானும் ஸ்கேன் எடுக்கவா?
வேண்டாம். பரம்பரையாகச் சின்ன வயதிலேயே வரும் வகை மிக அபூர்வம். குடும்பத்தில் பலருக்கு அறுபதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் நிபுணரைக் கேளுங்கள். உங்களுக்கு உதவுவது வேறு. பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ராலைக் கட்டுப்படுத்துங்கள். காது மந்தமானால் மிஷின் வையுங்கள். புகை, மது வேண்டாம். நடங்கள், நாலு பேரோடு பழகுங்கள். இப்படி மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவிகிதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் நிபுணர் குழு 2024-ல் சொல்லியிருக்கிறது.

ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாமாமே?
ஆமாம். அமிலாய்ட், டௌ இரண்டையும் ரத்தத்தில் அளந்து பார்க்கும் ஒரு சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் மறதி உள்ளவர்களுக்கு, டாக்டர் கேட்டால்தான். ஸ்கேனுக்குச் சொன்ன ஜாக்கிரதை எல்லாம் இதற்கும் பொருந்தும்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்கிறாரே?
'உனக்கு மறதி நோய், வா' என்றால் யார் வருவார்கள்? தலைச்சுற்றல், தூக்கம், பி.பி. என்று அவருக்கே இருக்கும் ஒரு தொந்தரவைச் சொல்லி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறதி விஷயத்தை முன்கூட்டி டாக்டரிடம் தெரிவித்துவிடுங்கள். அவர் முன்னால் அவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். மறதி வந்தாலும் மானம் மறக்காது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஆறு மாதமாக மறதி கூடிக்கொண்டே போனால் இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்குங்கள். அதோடும் மாத்திரைப் பையோடும் டாக்டரிடம் போங்கள். அவர் சொல்லும் ஸ்கேனை, அவர் சொல்லும்போது எடுங்கள். ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் அவரிடமே காட்டி, 'சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கா டாக்டர்?' என்று முதல் கேள்வி கேளுங்கள்.